விந்தணுவின் சட்டகமும் செங்காந்தள் விதையும்

தர்மபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் பக்கத்தில் கல்யாணமாகி ஒரு வருஷம் கழிந்தால் போதும், 'விசேஷம் ஏதாச்சும் உண்டா?' என்ற கேள்வி மருமகளைத் தேடி வந்துவிடும். அடுத்த வருஷம் கோயில் வேண்டுதல், அதற்கும் அடுத்து தர்மபுரியிலோ சேலத்திலோ ஸ்கேன். எல்லாம் அவளுக்குத்தான். கணவனை விந்தணுப் பரிசோதனைக்குப் போகச் சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வருவதில்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் குறை தனியாகவோ, மனைவியின் குறையோடு சேர்ந்தோ இருக்கிறது என்று மருத்துவம் சொல்லிப் பல காலம் ஆகிறது.

போதாக்குறைக்கு, பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் லேகிய விளம்பரங்கள் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிக் குழப்பிவிடுகின்றன. ஆண்மைக்குறைவு வேறு, மலட்டுத்தன்மை வேறு. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத திடகாத்திரமான ஆளின் விந்தணுவுக்கு வாலே இல்லாமல் இருக்கலாம். அது அவருக்கும் தெரியாது, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது.

விந்தணு பிறக்கும்போதே வாலோடு பிறப்பதில்லை. விந்தகத்தில் முதலில் அது மற்ற செல்களைப் போல ஓர் உருண்டைதான். அந்த உருண்டை, சுமார் 5 மைக்ரான் நீளத் தலையும் அதைப்போல ஏறக்குறையப் பத்து மடங்கு நீள வாலுமாக உருமாற வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை சுமார் 74 நாள் ஆகும். உருவத்தை மாற்றும் வேலையைச் செய்வது செல்லின் உள்சட்டகம். அது எலும்பால் ஆனதல்ல. டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்களும் ஆக்டின் என்ற புரத இழைகளும்தான் அந்தச் சட்டகம். வேண்டும்போது கட்டிக்கொள்ளும், வேண்டாதபோது பிரித்துக்கொள்ளும்.

தலை நீளும் கட்டத்தில் நுண்குழல்கள் உட்கருவின் பின்பாதியைச் சுற்றி வரிசையாக நின்று அதை அழுத்தி வடிவம் கொடுக்கின்றன. வீடு கட்டும்போது கான்கிரீட் இறுகும் வரை அடித்து வைக்கும் சென்ட்ரிங் பலகை மாதிரி. வேலை முடிந்ததும் அது கலைந்துவிட வேண்டும். இந்த அமைப்பு தப்பாக அமையும் மரபணுக் கோளாறு உள்ள எலிகளில் விந்தணுத் தலை கோணலாகிப்போவதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். அதே நேரம், விந்தணுக்களைப் பேணி வளர்க்கும் செர்டோலி செல்கள் ஆக்டின் இழைக் கற்றைகளால் ஒவ்வொரு தலையையும் பிடித்து வைத்திருக்கின்றன. பிடி சீக்கிரம் தளர்ந்தால் பாதி வளர்ந்த அணு வெளியே வந்துவிடும்.

வாலின் நடுவே ஓடும் அச்சில் ஒன்பது இரட்டைக் குழல்கள் வட்டமாகவும், இரண்டு குழல்கள் மையத்திலும் இருக்கும். இரட்டைக் குழல்களில் முளைத்திருக்கும் டைனீன் என்னும் புரதக் கைகள் பக்கத்துக் குழலைப் பற்றி இழுக்க, வால் வளைந்து அடிக்கிறது. மூச்சுக்குழாயின் உள்ளே சளியைத் தள்ளும் நுண்மயிர்களும் இதே அமைப்புதான். 1976இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி பியோர்ன் அஃப்செலியஸ், குழந்தையில்லாத சில ஆண்களின் விந்தணு வாலை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். டைனீன் கைகளைக் காணவில்லை. அவர்களுக்குச் சிறு வயது முதல் ஓயாத சளித் தொல்லை. சிலருக்கு இதயம் வலப்பக்கம் இருந்தது. கார்டஜினர் என்ற மருத்துவர் 1933இலேயே விவரித்திருந்த நோய்க்குக் காரணம் அப்போதுதான் பிடிபட்டது. சளிக்கும் பிள்ளையின்மைக்கும் ஒரே வேர் இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

இந்தக் கதையில் நம்மூர்ப் பூ ஒன்றுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள். பந்தலில் படர்ந்து பூத்ததும் காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகப் போய் மகரந்தத்தைக் கையால் சூலகமுடியில் தொட்டு வைப்பார்கள். அப்போதுதான் காய் நன்றாகப் பிடிக்கும். அந்தக் காயின் விதையிலிருந்து எடுப்பதுதான் கீல்வாதத்துக்குக் கொடுக்கும் கொல்ச்சிசின். இது டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு நுண்குழல் உருவாகாமல் தடுத்துவிடும். 1967இல் சிகாகோவில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்க அடையாளம் இட்ட கொல்ச்சிசினைச் செல்களில் சேர்த்து, அது எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று தேடினார்கள். டியூபுலின் அகப்பட்டது அப்படித்தான். அந்தப் புரதம் ஏராளமாகக் கிடைத்த இடங்களில் ஒன்று கடல் முள்ளெலியின் விந்தணு வால். (கீல்வாதத்துக்கு இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பதற வேண்டாம். விந்தணுவைப் பாதிப்பது அரிது. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேட்கலாம், தாமாக நிறுத்தக் கூடாது.)

மரபணு விஷயத்துக்கு வந்தால் தர்மபுரிக்காரர்கள் கொஞ்சம் காதுகொடுத்தே ஆக வேண்டும். டைனீன் கையைச் செய்யும் மரபணுக்களில் ஒன்று டிஎன்ஏஎச்1. அது பழுதானால் வால் குட்டையாகவோ, சுருண்டோ, அறவே இல்லாமலோ போகும் என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் கோளாறு வெளிப்படும். ஆகவே சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் இதற்கு வாய்ப்பு கூடுதல். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுப்பது இந்த மாவட்டத்தில் இன்றும் சாதாரணம். சொந்தத்தில் மணந்தவர்களின் விகிதம் மிக அதிகமாக உள்ள இந்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இரண்டு தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே மணந்து, அண்ணன் தம்பி இருவருக்கும் குழந்தையில்லை என்றால் மரபணுப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

வால் கட்டுமானத்திலேயே கோளாறு என்றால் லேகியமோ மாத்திரையோ அதைத் திருத்தாது. ஆனால் வழி அடைபட்டுவிடவும் இல்லை. நீந்தத் தெரியாத, ஆனால் உயிரோடுள்ள ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் 'இக்சி' முறையில் கருவுற்றவர்களைப் பற்றி 1992இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் அறிவித்தார்கள். வாலின் அடியில் உள்ள சென்ட்ரியோல் சரியாக இருக்கிறதா என்பதும் முக்கியம். கருமுட்டையில் சென்ட்ரியோல் கிடையாது. முதல் செல் பிரிவுக்கான நுண்குழல்களை ஒழுங்குசெய்வது அப்பா கொண்டுவரும் சென்ட்ரியோல்தான்.

ரிப்போர்ட்டில் 'இயல்பான வடிவம் 4 சதவீதம்' என்று பார்த்ததும் சிலர் இடிந்துபோகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கீழ்வரம்பே 4 சதவீதம்தான். குழந்தை பெற்ற ஆண்களிடமும் பெரும்பாலான விந்தணுக்கள் கோணல்மாணலாகத்தான் இருக்கும். கடுமையான காய்ச்சல் வந்து போனாலே எண்ணிக்கை சில வாரங்களுக்குச் சரியும். அதனால் ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல், மூன்று மாதம் விட்டு மறுபடி பார்ப்பது நல்லது.

பரிசோதனைக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். செயற்கைக் கருத்தரிப்புக்குப் போவதானால், 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மையம் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். மனைவிக்கு அடுத்த ஸ்கேன் எழுதுவதற்கு முன் கணவனின் விந்தணுவைப் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள்.