ஒரு முகம், இரண்டு பாதி!

மத்தியானம் சமையற்கட்டு வேலை முடிந்து ஓய்வாக உட்காரும்போது ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். நேரே நோக்கி எடுத்த உங்கள் புகைப்படம் ஒன்றை மேஜை மீது வையுங்கள். ஒரு சிறு கண்ணாடியை, அதன் விளிம்பு மூக்கின் மத்தியில் மேலிருந்து கீழாகப் படும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். படத்திலுள்ள பாதியும் அதன் பிரதிபிம்பமும் சேர்ந்து ஒரு முழு முகமாகத் தெரியும். கண்ணாடியைத் திருப்பி, மற்றப் பாதியையும் அவ்விதமே பாருங்கள். ஒரு முகம் சற்று ஒல்லியாக இருக்கும். மற்றது கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும். "யார் இந்த அக்காள் தங்கைகள்?" என்று கேட்கத் தோன்றும்!

கவலைப்பட வேண்டாம். வலமும் இடமும் அச்சுப் பிசகாமல் ஒத்திருக்கும் முகம் உலகத்தில் கிடையாது என்றே சொல்லலாம். ஒரு புருவம் உயர்ந்திருக்கும். மூக்கு இலேசாகச் சாய்ந்திருக்கும். இதெல்லாம் குறை அல்ல.

"போட்டோவில் நான் நன்றாகவே விழுவதில்லை" என்று அலுத்துக் கொள்ளாத பெண் எந்த வீட்டில் இருக்கிறாள்? அதற்கும் இதுதான் காரணம். கண்ணாடியில் நாம் தினமும் காண்பது இடம் வலம் மாறிய முகம். 1977-ல் அமெரிக்காவில் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூவர், கல்லூரி மாணவிகளின் புகைப்படத்தை உள்ளபடி ஒன்றும், இடம் வலம் மாற்றி ஒன்றுமாக அச்சிட்டுக் காட்டினார்கள். மாணவிகளில் பெரும்பாலோருக்கு மாற்றிய படமே பிடித்தது. அவர்களுடைய சிநேகிதர்களுக்கோ உள்ளபடி இருந்த படம்தான் பிடித்தது. பழகிய முகமே அழகிய முகம்! புகைப்படத்தில் உங்களுக்குக் கோணலாகப் படும் அதே முகத்தைத்தான் உங்கள் வீட்டார் இத்தனை வருஷமாக ஆசையோடு பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

சித்திரக்காரர்களுக்கும் ஒரு பக்கத்தின் மீது பட்சபாதம் உண்டு. 1973-ல் மக்மேனஸ், ஹம்ஃப்ரி என்ற இருவர் ஐரோப்பிய ஓவியர்கள் தீட்டிய 1,474 உருவப்படங்களைப் பரிசீலித்தார்கள். சுமார் 60 சதவிகிதத்தில் இடது கன்னம்தான் அதிகம் தெரிந்தது. பெண்களின் படங்களில் இது 68 சதவிகிதம். மோனலிசா கூட இடது கன்னத்தைத்தான் காட்டுகிறாள். ஏன்? 1978-ல் நடந்த ஓர் ஆராய்ச்சியில், இடப் பாதியை மட்டும் இணைத்துச் செய்த முகங்களில் உணர்ச்சி தூக்கலாகத் தெரிவதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இடப் பக்கத்தை ஆட்டி வைப்பது மூளையின் வலப் பாதி. உணர்ச்சிகளில் அதற்குப் பங்கு அதிகம் என்பது மனோதத்துவ நிபுணர்களில் பலருடைய அபிப்பிராயம்.

இதுவரை சொன்னது கூடவே பிறந்த கோணல். திடீரென்று வரும் கோணல் வேறு சமாசாரம்!

காலையில் காப்பி குடிக்கும்போது வாயோரம் வழிகிறது. சிரித்தால் வாய் ஒரு பக்கமாக இழுக்கிறது. ஒரு கண் மூட மறுக்கிறது. முக நரம்பு வீங்கிச் செயலிழப்பதால் இப்படி நேரலாம். 19-ஆம் நூற்றாண்டில் இந்த நரம்பை ஆராய்ந்த சர் சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து வைத்தியரின் பெயரால் இதைப் 'பெல்ஸ் பால்ஸி' என்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமாகிவிடும். ஆனால் மூன்று நாட்களுக்குள் மாத்திரை ஆரம்பிப்பது நல்லது. மூடாத கண் உலர்ந்து புண்ணாகாமல் காப்பாற்றவும் வேண்டும்.

மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு வரும் பக்கவாதத்திலும் வாய் கோணும். அதில் நெற்றி சாதாரணமாகத் தப்பிவிடும். ஏனெனில் நெற்றிக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. ஆனால் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். "காற்று அடித்திருக்கும், எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கவும் கூடாது. சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ, கை தாழ்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். எத்தனை மணி வரை நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சாதாரணமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரி சேரும்வரை வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள். காப்பி கூட வேண்டாம்.

கைக்குழந்தை எப்போதும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்க்கிறதா? கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். விட்டுவிட்டால் முகமே ஒரு பக்கமாக வளரக்கூடும். சீக்கிரமே டாக்டரிடம் காட்டினால் பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆகவே, சகோதரிகளே, பழைய கோணலைப் பற்றி விசாரப்படாதீர்கள். புதிய கோணலை ஒரு நிமிஷம்கூட அலட்சியம் செய்யாதீர்கள்!