மூத்த வேட்டைக்காரர்களின் உடற்தகுதித் தயாரிப்பு

ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே அனுமதிக்கப்படும் வேட்டைக்குச் செல்வோர், பல மாதங்களுக்கு முன்பிருந்தே இதயம், தசை, மூட்டு, உடற்சமநிலை ஆகியவற்றைப் படிப்படியாகப் பழக்கிக்கொள்வது வேட்டைப் பருவத்துக்கான உடற்தகுதித் தயாரிப்பு ஆகும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அமெரிக்காவிலோ உரிமம் பெற்று, குறிப்பிட்ட பருவத்தில் வேட்டையாடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டுள்ளது. அங்கு 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, 16 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1.15 கோடிப் பேர் வேட்டையாடினர். இவர்களில் நடுத்தர வயதினரும் முதியோரும் கணிசமானவர்கள். வேட்டையின் ஆபத்து என்றதும் துப்பாக்கிக் குண்டே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் ஆண்டு முழுவதும் உட்கார்ந்த வேலை செய்துவிட்டு, ஒரே நாளில் மலையேறும் வயதானவருக்கு அவருடைய இதயமே பெரிய ஆபத்தாகிவிடக்கூடும்.

வேட்டையில் உடலுக்கு ஏற்படும் சுமை

மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் முதன்மைப் பருவம் வழக்கமாக நவம்பர் 15 முதல் 30 வரை நடைபெறும். வேட்டைக்காரர் குளிரில் மணிக்கணக்காக அசையாமல் காத்திருப்பார். மானைக் கண்டதும் பரபரப்பால் இதயத் துடிப்பு விரைவாக உயரும். சுட்ட பின் மானைக் கரடுமுரடான நிலத்தில் இழுத்துச் செல்ல வேண்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் கூடுகிறது. பாரத்தை மூச்சடக்கி இழுப்பது அதை மேலும் கூட்டுகிறது.

மிச்சிகனில் 25 ஆண்களின் இதயத் துடிப்பை வேட்டையின்போதே பதிவு செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. அவர்களில் 17 பேர் ஏற்கெனவே இதயத் தமனி நோய் உள்ளவர்கள். டிரெட்மில் சோதனையில் எட்டிய உச்சத் துடிப்பைவிட அதிகமான துடிப்பை 10 பேர் வேட்டைக்களத்தில் எட்டினர். மருத்துவமனையில் செய்த சோதனையில் தேறிவிட்டதை மட்டும் வைத்து, களத்தின் சுமையையும் இதயம் தாங்கிவிடும் என்று முடிவு செய்ய இயலாது என்பதை இது காட்டுகிறது.

கொலராடோ மாநிலத்தின் ராக்கி மலைகளில் நடக்கும் எல்க் வேட்டை வேறு வகையான உழைப்பைக் கேட்கிறது. எல்க் ஒரு பெரிய மான் இனம். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதை இழுத்துச் செல்ல முடியாது. இறைச்சியைத் துண்டுகளாக்கி, முதுகுப்பையில் பல நடையாகச் சுமந்து இறக்க வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விட்டுவருவது அங்கு சட்டப்படி குற்றமாகும். ஆகவே சுமக்கும் வலு இல்லாத ஒருவர் தொலைவான பள்ளத்தாக்கில் எல்க்கைச் சுட்டால், தம் உயிரையும் பணயம் வைக்கிறார், விலங்கையும் வீணாக்குகிறார்.

வயதினால் ஏற்படும் மாற்றங்கள்

முப்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது. அறுபதுக்குப் பின் இது இன்னும் வேகமாகிறது. உச்ச இதயத் துடிப்பும் வயதோடு இறங்குகிறது. 220இலிருந்து வயதைக் கழிப்பது அதை மதிப்பிடும் எளிய கணக்கு. இதன்படி 30 வயதினருக்கு நிமிடத்துக்கு 190 எனில், 65 வயதினருக்கு 155. அதே மலையை ஏற முதியவரின் இதயம் தன் உச்சத்துக்கு அருகில் வேலை செய்ய நேரிடுகிறது. தசைநாண்கள் மீண்டுவரவும் கூடுதல் நாட்கள் ஆகும். எனினும் எழுபது வயதிலும் பயிற்சியால் தசை வலுப்பெறும். அதற்குத் தேவைப்படும் காலம்தான் நீளுகிறது.

மருத்துவப் பரிசோதனை

பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது முதல் படி. "நடைப்பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த உயரத்தில், எவ்வளவு பாரத்துடன், எத்தனை மணி நேரம் நடக்கப் போகிறோம் என்று விளக்கிச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்வோருக்கு இதயத் துடிப்பு போதிய அளவு உயராது. அவர்கள் துடிப்பு எண்ணிக்கையை நம்பாமல் பேச்சுச் சோதனையைப் பயன்படுத்தலாம். நடக்கும்போது பேச முடிந்து பாட முடியாவிட்டால் அது மிதமான உழைப்பு. சில சொற்களுக்கு மேல் பேச முடியாவிட்டால் அது கடும் உழைப்பு.

நான்கு மாதப் பயிற்சி

அக்டோபரில் வேட்டைக்குச் செல்பவர் ஜூன் மாதத்திலேயே தொடங்குவது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் தேவை என்கிறது. இதனை அடிப்படையாகக் கொண்டு பின்வருமாறு திட்டமிடலாம்.

முதல் மாதம்: வாரத்தில் ஐந்து நாள், 30 நிமிட நடை. பாரம் வேண்டாம். வேட்டைக்கு அணியப்போகும் காலணியையே அணிந்து பழக வேண்டும்.

இரண்டாம் மாதம்: மேடும் படிக்கட்டும் சேர்த்து நடத்தல். வாரம் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுதல், படியில் ஏறி மெதுவாக இறங்குதல், குதிகாலை உயர்த்துதல் ஆகிய பயிற்சிகள்.

மூன்றாம் மாதம்: முதுகுப்பையில் 5 கிலோவுடன் தொடங்கி, வாரம் ஒன்றிரண்டு கிலோவாகக் கூட்டுதல். பாரம் கூட்டும் வாரத்தில் தூரத்தைக் கூட்டக் கூடாது.

நான்காம் மாதம்: வாரம் ஒருமுறை, முழுச் சாமான்களுடன் கரடுமுரடான பாதையில் இரண்டு மூன்று மணி நேர நடை. கடைசி வாரத்தில் பயிற்சியைக் குறைத்து ஓய்வெடுத்தல்.

பலர் ஏறுவதற்கு மட்டும் பழகுகின்றனர். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கி நிறுத்துகிறது. பழக்கமில்லாத தசையில் இதனால் உண்டாகும் வலி ஓரிரு நாள் கழித்தே உச்சத்தை அடையும். முதல் நாள் நன்றாக நடந்தவர் மூன்றாம் நாள் முகாமை விட்டு நகர முடியாமல் போவது இதனால்தான். படியில் மெதுவாக இறங்கிப் பழகுவது இதற்குச் சிறந்த தடுப்பு. ஊன்றுகோல்கள் இறக்கத்தில் முழங்காலின் சுமையைக் குறைக்கும்.

ஒற்றைக் காலில் நிற்பதும், குதிகாலையும் விரல் நுனியையும் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடப்பதும் சமநிலைக்கு உதவும். மரத்தில் கட்டிய பரணில் அமர்ந்து மான் வேட்டையாடுவோருக்கு இது இன்றியமையாதது. பரணிலிருந்து விழுவது அங்கு வேட்டைக் காயங்களுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஏறத் தொடங்கும்போதே பாதுகாப்புக் கச்சையை மாட்டிக்கொள்ள வேண்டும்.

உயரத்துக்குப் பழகுதல்

3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடே. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. நல்ல உடற்தகுதி உயர்மலை நோயைத் தடுப்பதில்லை. தாழ்நிலத்திலிருந்து வருபவர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் போன்ற இடத்தில் முதலில் தங்கி, பின் முகாமிலும் ஓரிரு நாள் ஓய்வாக இருந்துவிட்டு வேட்டையைத் தொடங்குவது நல்லது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் வந்தால் மேலும் ஏறக் கூடாது. ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறினால் உடனே கீழிறங்க வேண்டும்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

- தனியே செல்வதைத் தவிர்த்தல். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவைத்தல்.
- அன்றாட மருந்துகளை உடன் எடுத்துச் செல்லுதல். கைப்பேசி எட்டாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருத்தல்.
- வியர்க்காத வேகத்தில் நடத்தல். வியர்வையில் நனைந்த ஆடை, காத்திருக்கும்போது உடலை விரைவாகக் குளிரச் செய்யும்.
- விலங்கை ஒரே மூச்சில் இழுக்காமல் இடையிடையே நின்று செல்லுதல், இயன்றால் துணைக்கு ஆள் அழைத்தல்.

நெஞ்சில் அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். முதியோரிடம் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வழக்கத்துக்கு மாறான களைப்பும் மட்டும் தோன்றலாம். "வயதாகிவிட்டது, அதனால்தான்" என்று நடந்துகொண்டே இருப்பது ஆபத்தானது. அந்த இடத்திலேயே நின்று, உட்கார்ந்து, உதவி கோர வேண்டும்.

எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பதைப் பயிற்சி மாதங்களில் தெரிந்துகொண்ட சொந்த அளவை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பாரத்துடன் திரும்பி நடக்க முடியாத இடத்தில் விலங்கு நின்றால், சுடாமல் விட்டுவிடுவதே முறை.