போனது கியர்பெட்டிதானா?

யாழ்ப்பாணத்தில் கணவரை இழந்த சகோதரி ஒருவர், அவருடைய ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் காரை வாடகைக்கு விட்டே பிள்ளைகளை வளர்க்கிறார். ஒருநாள் கியர் விழவில்லை. "கியர்பெட்டி போட்டுது அக்கா, வித்துப்போடுங்கோ" என்றார் ஒருவர்.

1952 முதல் 1954 வரை உற்பத்தியான இக்காரில் கியர்த்தடி ஸ்ரியறிங்கோடு இருக்கும். அதன் அசைவைக் கம்பிகளும் மூட்டுகளுமே கியர்பெட்டிக்குக் கொண்டு செல்கின்றன. மூட்டிலுள்ள புஷ்கள் தேய்ந்தால் ஆட்டம் ஏற்பட்டு, கியர் சரியாக விழாது.

எஞ்சினை நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்து, ஒருவர் தடியை அசைக்க, மற்றவர் பொனற்றைத் திறந்து வெளிச்சம் பிடித்துப் பார்க்கலாம். எந்த மூட்டில் அசைவு வீணாகிறதோ, அதுவே தேய்ந்த இடம்.

சகோதரி மூத்த மகளுடன் அப்படியே பார்த்தார். லேத்தில் கடைந்த புதிய புஷ்களும் கொஞ்சக் கிறீசும் போதுமாயிருந்தன. கார் விற்கப்படவில்லை.

சகோதரிகளே, எதையும் கழற்ற விடுமுன், "தேய்ந்ததைக் காட்டுங்கோ" என்று கேளுங்கள்.