கெடாவும் ஆங்கிலேயர் நட்பும்

பினாங்குத் தீவு ஆங்கிலேயர் வசமான வரலாற்றை அறிந்தோர் பலர். அதற்கு ஈடாகக் கெடா சுல்தான் கேட்டது யாது, அது கிடைத்ததா என்பதை அறிந்தோர் சிலரே. ஒரு வல்லரசு தன் நண்பரையும் பகைவரையும் எவ்வாறு மாற்றிக்கொள்கிறது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை. நம் வாயிலிலுள்ள இவ்வரலாறே போதும்.

தண்ணீர்மலையிலிருந்து கிழக்கே நோக்கினால், கடலுக்கு அப்பால் பெருநிலக் கரை தெரியும். 1786ஆம் ஆண்டில் அக்கரையும் இத்தீவும், தமிழ் நூல்கள் கடாரம் எனக் குறிக்கும் கெடாவைச் சேர்ந்திருந்தன. வடக்கே சயாமும் பர்மாவும் கெடாவை அச்சுறுத்தின. ஆகவே சுல்தான் அப்துல்லா, தம்மை எவரேனும் தாக்கினால் படையுதவி வேண்டும் என்ற கருத்துடன் தீவைக் கொடுக்க இசைந்தார். பிரான்சிஸ் லைட் நம்பிக்கையூட்டும் வகையில் பேசி, ஆகஸ்ட் 11ஆம் நாள் இங்கே கொடியேற்றினார். கல்கத்தாவிலிருந்த கம்பெனி ஆட்சியோ அவ்வுறுதியை அளிக்க மறுத்தது. சீன வாணிகத்திற்கு ஒரு துறைமுகம் வேண்டும், ஆனால் சயாமுடன் போர் வேண்டாம் என்பதே அதன் கணக்கு.

ஏமாற்றமுற்ற சுல்தான் 1791இல் தீவை மீட்கப் படை திரட்டித் தோல்வியுற்றார். அதன்பின் ஏற்பட்ட உடன்படிக்கை ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி தருவதாகக் கூறிற்று; பாதுகாப்பைப் பற்றி ஏதும் கூறவில்லை. 1800இல் செபராங் பிறையும் கைமாறியபோது அத்தொகை 10,000 ஆயிற்று.

1821இல் சயாமியப் படை கெடாவுக்குள் புகுந்தது. சுல்தான் அகமது தாஜுதீன் தப்பி வந்து பினாங்கில் அடைக்கலம் புகுந்தார். அவருக்குப் புகலிடம் கிடைத்தது, படை கிடைக்கவில்லை. 1824 முதல் 1826 வரை பர்மாவுடன் போரிட்ட ஆங்கிலேயருக்குச் சயாமின் பகை ஆகாததாயிற்று. அதன் வாணிகமும் தேவைப்பட்டது. எனவே 1826இல் பாங்காக்கில் பர்னி செய்த உடன்படிக்கை, கெடாவில் சயாமின் பிடியை ஏற்றுக்கொண்டது. சுல்தான் பினாங்கிலேயே தங்கலாகாது என்றும் அதில் எழுதப்பட்டது. நண்பர் சுமையானார், அவருடைய பகைவர் நண்பரானார். சுல்தான் கெடா திரும்பியது 1842இல், அதுவும் சயாமின் இசைவு பெற்றே.

1826 உடன்படிக்கைக்கு எண்பத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின் காற்று மாறி வீசிற்று. ஜெர்மனி முதலிய பிற வல்லரசுகள் தீபகற்பத்தில் கால் ஊன்றிவிடுமோ என்று பிரிட்டன் அஞ்சியது. 1909இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவற்றின்மீது சயாமுக்கிருந்த உரிமைகள் பிரிட்டனுக்கு மாற்றப்பட்டன. சயாமுக்குக் கிடைத்தவை, ரயில்பாதைக்கு 40 இலட்சம் பவுன் கடனும், அங்கே ஆங்கிலேயர் அனுபவித்த தனி நீதிமன்றச் சலுகையின் விலக்கமும் ஆகும். இப்பேரத்தில் கெடா சுல்தானின் கருத்து கேட்கப்படவில்லை. 1943இல் ஜப்பான் அதே நான்கு நாடுகளையும் தன் நேச நாடாகிய தாய்லாந்துக்கு அளித்தது. 1945இல் அவை மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தன.

இவை அனைத்தையும் வஞ்சகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாகாது. 1957இல் மலாயாவுடன் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தில் உதவிக் கடமை எழுத்தில் இருந்தது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவின் எதிர்ப்பு இயக்கம் நடந்தபோது பிரிட்டிஷ் படை உடன் நின்றது. ஆயினும் பொருளாதார நெருக்கடி வந்ததும், 1968இல் பிரதமர் வில்சன் படைகளைத் திருப்பி அழைக்கும் முடிவை அறிவித்தார். அவ்வொப்பந்தத்தின் இடத்தில் 1971இல் வந்த ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு, தாக்குதல் நேர்ந்தால் கலந்தாலோசிக்கும் கடமையை மட்டுமே விதிக்கிறது. அதன் வான்பாதுகாப்புத் தலைமையகம் அமைந்த இடம், அன்று கெடா சுல்தான் விட்டுக்கொடுத்த நிலத்திலுள்ள பட்டர்வொர்த்.

காப்பது வேறு, கலந்தாலோசிப்பது வேறு. வல்லரசின் நட்பை நாடும் சிறிய நாடு முதலில் எடைபோட வேண்டியவை இரண்டு: உடன்படிக்கையில் எழுதப்பட்ட சொல் யாது என்பது ஒன்று, அச்சொல்லைக் காக்கும் தேவை அவ்வல்லரசுக்கு எத்தனை காலம் இருக்கும் என்பது மற்றொன்று. சுல்தான் அப்துல்லாவுக்கு முதலாவதே கிடைக்கவில்லை.