பொலிகாளைத் தேர்வு: கண் அறிவதும் அறியாததும்

ஒரு பசு தன் வாழ்நாளில் ஈனும் கன்றுகள் சிலவே. உறைவிந்து முறையிலோ ஒரு பொலிகாளை பல்லாயிரம் கன்றுகளுக்குத் தந்தையாகக் கூடும். ஆகவே காளைத் தேர்வில் நேரும் பிழை ஒரு தொழுவத்தோடு நில்லாது. உருவத்தைக் கண்டு தரம் அறியும் பழைய முறை எதுவரை நம்பத்தக்கது என்பதைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

கண் அறிவது

காளையைச் சமதரையில் நிறுத்திப் பக்கம், முன், பின் ஆகிய மூன்று நிலைகளிலும் நோக்குக. பின்னர் நடக்கவிட்டுக் காண்க. கால்கள் நேராகவும், குளம்புகள் ஒரே அளவினவாகவும் இருத்தல் வேண்டும். பின்னங்காலில் ஊனமுள்ள காளை பசுவின்மீது தாவ இயலாது. விதைகள் இரண்டும் ஒத்த அளவுடன் உறுதியாக இருத்தல் நன்று. விதைப்பையின் சுற்றளவை நாடாவால் அளக்கலாம். இறைச்சிக்குரிய இனங்களில் முதுகு, இடுப்பு, தொடை ஆகியவற்றின் தசைத் திரட்சியும் நோக்கப்படும். ஆயினும் கொழுப்பைத் தசையெனக் கொள்ளலாகாது. நல்ல தீவனம் சாதாரணக் காளையையும் அழகுறச் செய்யும். அவ்வழகு கன்றுக்குச் செல்வதில்லை.

கண் ஏமாந்த வரலாறு

1940-களிலும் 1950-களிலும் அமெரிக்கக் கண்காட்சிகளில் நடுவர்கள் குட்டையான, திரண்ட உடலுடைய ஹியர்ஃபோர்டு மாடுகளையே பெரிதும் விரும்பினர். பின்னர் மூச்சுத் திணறும் குள்ளக் கன்றுகள் பிறக்கலாயின. அக்குறைக்குரிய ஒடுங்கு மரபணுவை மறைவாகத் தாங்கிய மாடுகள் சற்றே திரண்டு காணப்பட்டமையால், நடுவர் அறியாமலே அவற்றைத் தேர்ந்தெடுத்தனர் என்று கருதப்படுகிறது. அத்தகைய காளையும் பசுவும் இணைந்தால், சராசரியாக நான்கு கன்றுகளில் ஒன்று குள்ளமாகும். வம்சாவளியை ஆராய்ந்தும், சோதனை இணைப்புகள் செய்துமே அக்குறையைக் களைய முடிந்தது.

கேரளம் கற்பித்த பாடம்

வெச்சூர்ப் பசுவின் உயரம் ஏறத்தாழ 90 செண்டிமீட்டரே. கலப்பினப் பெருக்கம் பரவிய காலத்தில் சிறிய உருவம் குறையாகக் கருதப்பட்டது, இனமே அருகிவிட்டது. 1989-இல் பேராசிரியர் சோசம்மா ஐப் அவர்களும் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவர்களும் எஞ்சியவற்றைத் தேடித் திரட்டிக் காத்தனர். சிறிய உடலுக்குச் சிறிதளவு தீவனம் போதும் என்னும் பயனை அளவுகோல் ஒன்றே கொண்டு நோக்கியவர் காணவில்லை.

இறைச்சிக்கென்றே உருவாக்கப்பட்ட நாட்டு மாட்டினம் இந்தியாவில் இல்லை. கேரளத்திலும் பாலுக்கும் உழைப்புக்கும் வளர்க்கப்பட்ட மாடுகளும் எருமைகளுமே இறுதியில் இறைச்சியாகின்றன. ஆகவே இங்குக் காளைத் தேர்வு பெரிதும் பாலையே சார்ந்தது. 1963-இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்தோ-சுவிஸ் திட்டத்தின் வழியே சுனந்தினி இனம் உருவாயிற்று. இப்பணியைத் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் தொடர்ந்து நடத்தி வருகிறது. காளையிடம் பால் சுரப்பதில்லை. அதன் தாயின் கறவைக் கணக்கும், மகள்களின் கறவைக் கணக்குமே அதன் மதிப்பை உரைக்கும். உழவர் வீட்டுத் தொழுவத்தில் களப்பணியாளர் எடுக்கும் அளவு பிழைபட்டால், காளையின் மதிப்பும் பிழைபடும்.

ஆசிரியர்க்கு ஒரு பயிற்சி

ஒரே மாட்டை மாணவர் ஒவ்வொருவரும் பிறருடன் கலந்து பேசாது மதிப்பெண் அட்டையில் மதிப்பிடட்டும். பின்னர் அட்டைகளை ஒப்பிடுக. கால், குளம்பு ஆகியவற்றில் கருத்து எவ்வளவு ஒத்துள்ளது, ‘அழகு’, ‘கம்பீரம்’ என்பவற்றில் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அவர்களே எண்ணிக் காணட்டும்.

குறையுள்ள காளையை விலக்கக் கண் உதவும். சிறந்த காளையைத் தேர்ந்தெடுக்கப் பதிவேடு வேண்டும். இரண்டும் தத்தம் எல்லையில் நின்றால், ஒரே ஒரு பசுவை நம்பி வாழும் குடும்பம் ஏமாற்றமடையாது.