புதிய ரகம் லாபமா? கணக்கிட்டு முடிவு செய்யுங்கள்

மேட்டு வயலில் பழைய நெல் ரகத்தையும், வாய்க்காலை ஒட்டிய வயலில் புதிய ரகத்தையும் நட்டு, புதியது ஏக்கருக்கு நான்கு மூட்டை கூடுதலாகக் கண்டது என்று அடுத்த பருவத்தில் நிலம் முழுவதும் அதையே நடும் விவசாயிகள் உண்டு. கூடுதல் விளைச்சல் விதையால் வந்ததா, வண்டலால் வந்ததா என்பது இதில் தெரியாது. கூடுதல் விலை கொடுத்து விதை வாங்குமுன் முறையாக ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

ஒரே வயலில் ஆறு இடங்களைத் தேர்ந்தெடுக்கவும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சென்ட் அளவுள்ள இரண்டு பாத்திகளை அடுத்தடுத்து அமைத்து, எதில் எந்த ரகம் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யவும். உரம், நீர், களையெடுப்பு ஆகியவை இரண்டிற்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அறுவடையானதும் ஒவ்வொரு பாத்தியின் நெல்லையும் தனித்தனியே எடை போட்டுக் குறித்துக் கொள்ளவும்.

எந்தச் சோதனை?

இவ்வாறு இணை இணையாக அமைத்தால் ‘இணை டி சோதனை’ பொருந்தும். இணையின்றிப் பாத்திகள் வயலெங்கும் கலந்திருந்தால் சாதாரண ‘டி சோதனை’ போதும். டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் பணிபுரிந்த காசெட் என்பவர், சில மாதிரிகளை மட்டும் கொண்டு முடிவெடுக்க வேண்டியிருந்ததால் இதனை உருவாக்கி 1908-ல் வெளியிட்டார்.

மூன்று, நான்கு ரகங்கள் இருந்தால் இரண்டிரண்டாக டி சோதனை செய்துகொண்டே போவது தவறு. தற்செயலான வேறுபாடு உண்மைபோல் தோன்றும் வாய்ப்பு அதனால் பெருகும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஃபிஷர் வகுத்த ‘மாறுபாட்டுப் பகுப்பாய்வு’ இதற்கு ஏற்றது. முளைத்தவை எத்தனை, முளைக்காதவை எத்தனை என எண்ணிப் பார்க்கும் கணக்குகளுக்கு ‘கை வர்க்கச் சோதனை’ உதவும்.

ஒரு கணக்கு

ஐந்து இணைகளில் புதிய ரகம் முறையே 3, 1, 4, 2, 3 கிலோ கூடுதலாகவும், ஓர் இணையில் 1 கிலோ குறைவாகவும் கண்டதாக வைத்துக்கொள்வோம். சராசரி வேறுபாடு 2 கிலோ. அந்தச் சராசரி எவ்வளவு முன்பின் ஆகலாம் என்பதைக் காட்டும் திட்டப் பிழை 0.73 கிலோ. முன்னதைப் பின்னதால் வகுத்தால் டி மதிப்பு 2.74. ஆறு இணைகளுக்கு, 5 சதவீத அளவில் அட்டவணை மதிப்பு 2.57. நமது மதிப்பு அதனை மிஞ்சுவதால், வேறுபாடு எளிதில் தற்செயலாக வரக்கூடியதன்று எனக் கொள்ளலாம்.

இத்துடன் நின்றுவிடக்கூடாது. சென்ட்டுக்கு 2 கிலோ என்றால் ஏக்கருக்கு 200 கிலோ. ஆனால் 2.57-ஐ 0.73-ஆல் பெருக்கி, சராசரியுடன் கூட்டியும் கழித்தும் பார்த்தால், உண்மையான கூடுதல் ஏக்கருக்கு 12 கிலோ முதல் 388 கிலோ வரை எங்கும் இருக்கக்கூடும். புதிய விதைக்கான அதிகச் செலவு 150 கிலோ நெல்லின் விலைக்குச் சமமானால் லாபம் உறுதியில்லை. இன்னொரு பருவம் சிறு பரப்பில் நட்டுப் பார்ப்பதே நல்லது. அதிகச் செலவு 10 கிலோ நெல்லின் விலைதான் என்றால் துணிந்து மாறலாம்.

எந்தச் சோதனை என்பதை நடவுக்கு முன்பே தீர்மானிக்கவும். பாத்தி பிரிக்காமல் நட்டுவிட்டால், அறுவடைக்குப் பின் எந்தச் சோதனையாலும் அக்குறையைச் சரிசெய்ய இயலாது. கணக்கில் ஐயம் இருப்பின், எடைக் குறிப்புகளுடன் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகிப் பயன் பெறலாம்.