நகரத் தூய்மைக்குச் சமூக மானியம்: பினாங்கு காட்டும் வழி

தோட்டத்தில் குடியிருப்போருக்குச் சுற்றுப்புறச் சுகாதாரம் யாருடைய பொறுப்பு என்னும் ஐயம் பெரும்பாலும் எழுவதில்லை. லயத்து வீடுகளுக்குக் குடிநீர் வழங்குவதும், சாக்கடைகளைச் சீராக வைத்திருப்பதும், குப்பையை அகற்றுவதும் நிர்வாகத்தின் கடமைகளாகும். தொழிலாளர் குடியிருப்புகளுக்குரிய குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446) இக்கடமையை முதலாளியின் மீது சுமத்தியுள்ளது. குறை இருப்பின் கிராணியிடமோ மானேஜரிடமோ முறையிடலாம்.

நகரத்து அடுக்குமாடி வீடுகளில் நிலைமை வேறு. தோட்டங்கள் பல மேம்பாட்டுக்காக விற்கப்பட்ட பின்னர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எத்தனையோ குடும்பங்கள் நகரங்களிலுள்ள மலிவு விலை வீடுகளில் குடியேறியுள்ளன. அங்கே வீட்டுக்கதவுக்கு உட்புறம் உள்ளது குடும்பத்தின் பொறுப்பு. மாடிப்படி, மின்தூக்கி, நீர்த்தொட்டி, கூரை, கழிவுநீர்க் குழாய், குப்பைக்கிடங்கு ஆகியவை அனைவருக்கும் பொதுவானவை. பொதுவானதைப் பேணுபவர் யார்? அதற்குரிய பணம் எங்கிருந்து வரும்? இவ்வினாக்களுக்குப் பினாங்கு மாநிலம் கண்ட விடைகளை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம் பயக்கும்.

ஒரு வீட்டுத் தூய்மை போதாது

பினாங்குக்கும் டிங்கிக் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு நீண்டது. 1902ஆம் ஆண்டிலேயே பினாங்கில் இந்நோய் கண்டது குறித்து மருத்துவ ஏட்டில் எழுதப்பட்டது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் டிங்கி இரத்தக்கசிவுக் காய்ச்சல் இந்நாட்டில் முதன்முதலாக 1962ஆம் ஆண்டில் அறியப்பட்டதும் பினாங்கில்தான். நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கி நிற்கும் தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் அம்முட்டை கொசுவாகிப் பறக்கின்றது. மரம் சீவாத நாள்களில் மங்குகளைக் கவிழ்த்து வைப்பதன் காரணமும் இதுவே.

தோட்டத்தில் ஒருவர் தம் வாசலைத் தூய்மையாக வைத்திருந்தால் அதன் பயனை ஓரளவு அவரே அடைவார். அடுக்குமாடியிலோ மொட்டைமாடி நீர்த்தொட்டியின் மூடி உடைந்திருந்தால், அதன் தீமை எல்லாத் தளங்களையும் எட்டும். மேல்தளத்தில் கழிவுக்குழாய் வெடித்தால் கீழ்த்தளத்துச் சுவர் நனையும். ஆகவே நகரத்துச் சுகாதாரம் கூட்டு முயற்சியாலன்றிக் கைகூடாது. இம்முயற்சிக்கு அரசாங்கமோ உள்ளாட்சி மன்றமோ பொருளுதவி அளித்து, அதனைப் பயன்படுத்துவதில் மக்களுக்கும் பங்கு தருமானால், அவ்வுதவியைச் சமூக மானியம் எனலாம். இதனைப் பினாங்கு இருவகையாகச் செய்துள்ளது.

மக்களே முடிவு செய்த திட்டம்

2012ஆம் ஆண்டில் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம், மாநிலத்தின் இரு நகராண்மைக் கழகங்களோடும் சேர்ந்து ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. பொதுப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை அங்கு வாழும் மக்களே கூடி முடிவு செய்தல் என்பதே அதன் கருத்து. இதற்குத் தெரிவு செய்யப்பட்ட இடங்களுள் ஒன்று, ஜோர்ஜ்டவுனில் உள்ள ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடியாகும்.

முதலில் வீடு வீடாகச் சென்று குடும்பங்களின் விவரங்கள் திரட்டப்பட்டன. அடுத்து ஆண்கள், பெண்கள், முதியோர், இளைஞர் எனத் தனித்தனிக் குழுக்கள் கூடித் தங்கள் குறைகளை எடுத்துரைத்தன. இவ்வாறு தனித்தனியே கேட்டதற்குத் தக்க காரணம் உண்டு. பொதுக்கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்தால் சிலரே பேசுவர். இருட்டிய மாடிப்படியில் ஏறுவதற்கு அஞ்சும் பெண்ணும், மின்தூக்கி நின்றுவிட்டால் வீட்டைவிட்டு இறங்க இயலாத முதியவரும் வாய் திறவாமல் இருந்துவிடுவர். பின்னர், திரண்ட தேவைகளுள் எது முதன்மையானது என்பதைக் குடியிருப்பாளர்கள் வாக்களித்துத் தெரிவித்தனர்.

ஜாலான் சுங்கை மக்கள் முன்னிறுத்திய தேவை தூய்மையும் பராமரிப்புமாகும். அதன் பயனாக, வெளி ஒப்பந்தக்காரர் செய்துவந்த துப்புரவுப் பணி குடியிருப்பாளர் வசமே ஒப்படைக்கப்பட்டது. தாம் வாழும் கட்டடத்தைத் தாமே தூய்மை செய்து, அதற்கு ஊதியமும் பெறும் வாய்ப்பு அங்குள்ளோருக்குக் கிட்டியது. மாடிப்படியில் குப்பையைப் போடுபவரும் அதனைக் கூட்டுபவரும் அண்டை வீட்டாராக இருக்கும்போது, குப்பை போடும் கை சற்றே தயங்கும் அல்லவா?

எண்பதும் இருபதும்

இரண்டாவது வகை பழுதுபார்ப்புக்கான மானியம். பினாங்கு மாநில அரசாங்கம் ஏற்படுத்திய பராமரிப்பு நிதியின்கீழ், மலிவு விலை, நடுத்தர மலிவு விலை அடுக்குமாடிகளில் நீர்த்தொட்டி, மின்தூக்கி, கூரை, குழாய் போன்ற பொது வசதிகளைச் சீரமைக்கும் செலவில் 80 விழுக்காடு வரை மாநிலம் ஏற்கின்றது. எஞ்சிய பங்கைக் குடியிருப்பாளர்கள் செலுத்துதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 200 வீடுகளைக் கொண்ட ஒரு கட்டடத்தில் நீர்த்தொட்டிகளை மாற்ற 100,000 வெள்ளி தேவைப்படுவதாகக் கொள்வோம். மாநிலத்தின் பங்கு 80,000 வெள்ளி. மக்களின் பங்கு 20,000 வெள்ளி. அதாவது வீட்டுக்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தினால் பத்து மாதங்களில் கடமை தீர்ந்துவிடும். ஆனால் 50 வீட்டார் தங்கள் பங்கைச் செலுத்தாவிடில் 5,000 வெள்ளி குறையும். அந்தச் சிறு குறையால் 80,000 வெள்ளி மானியம் கைக்கு எட்டாமல் போகக்கூடும். செலுத்தியவரும் செலுத்தாதவரும் ஒரே பழுதுற்ற தொட்டியின் நீரையே பருக நேரிடும்.

மானியம் தனி ஒருவரின் கையில் வழங்கப்படுவதன்று. குடியிருப்பாளர்கள் தெரிந்தெடுத்த கூட்டு நிர்வாக அமைப்போ நிர்வாகக் கழகமோ இருத்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, இவ்வமைப்புகள் ஆண்டுக் கூட்டம் நடத்தவும், கணக்கைத் தணிக்கை செய்து உறுப்பினர் முன் வைக்கவும் கடமைப்பட்டவை. மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவது வீட்டுரிமையாளரின் கடமை. கூட்டத்திற்குச் செல்லாமல், கட்டணமும் செலுத்தாமல், "அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை" என்று கூறிப் பயனில்லை. அவ்வாறே, வந்த பணம் எங்கே போயிற்று என்று கணக்குக் கேட்கும் உரிமையையும் எவரும் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

பிற இடங்களின் பட்டறிவு

இம்முறை பினாங்குக்கு மட்டும் உரியதன்று. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரம், வரவு செலவுத் திட்டத்தில் மக்களுக்குப் பங்களிக்கும் வழக்கத்தை 1989ஆம் ஆண்டில் தொடங்கியது. பின்னர் அந்நாட்டின் பல நகரங்கள் அதனைப் பின்பற்றின. 1990 முதல் 2004 வரையிலான விவரங்களை ஆராய்ந்த அறிஞர்கள், இம்முறையைக் கைக்கொண்ட நகரங்கள் கழிவகற்றலுக்கும் சுகாதாரத்திற்கும் கூடுதல் பங்கை ஒதுக்கியதையும், அங்கே குழந்தை இறப்பு குறைந்ததையும் கண்டறிந்தனர். சாக்கடைக்குச் செலவிட்ட பணம் குழந்தைகளின் உயிரைக் காத்தது என்பதே இதன் பொருள்.

தமிழகத்தின் திருச்சிராப்பள்ளியில் கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு, ஏழை மக்கள் வாழும் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் குழுக்கள் ஏற்று நடத்திவந்துள்ளன. பயன்படுத்துவோரிடம் சிறு கட்டணம் பெற்று, அதனைக்கொண்டு துப்புரவுக்கும் பழுதுபார்ப்புக்கும் செலவு செய்தனர். கட்டித்தருவது ஒருநாள் வேலை; பேணுவது நாள்தோறும் செய்யவேண்டிய வேலை என்பதை அப்பெண்கள் மெய்ப்பித்தனர்.

நாம் செய்யத்தக்கவை

நகரில் வாழும் உறவினருக்கும், நாளை நகரில் வீடு வாங்க எண்ணுவோருக்கும் நம் வாசகர்கள் சில செய்திகளை எடுத்துரைக்கலாம். முதலாவது, வீட்டின் விலையைக் கேட்பதோடு மாதப் பராமரிப்புக் கட்டணத்தையும் கேட்டறிதல் வேண்டும். இரண்டாவது, அக்கட்டடத்தின் நிர்வாக அமைப்பு ஒழுங்காகக் கூடுகிறதா, கணக்குக் காட்டுகிறதா என்று விசாரித்தல் வேண்டும். மூன்றாவது, பழுது நேர்ந்தால் நாளும் இடமும் குறித்து, நிழற்படத்துடன் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். நான்காவது, ஆண்டுக் கூட்டத்திற்குக் கணவன் மனைவி இருவருமே செல்லுதல் நன்று. கூட்டத்தில் பேசவும் வாக்களிக்கவும் உரியவர் யார் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து வைத்தல் வேண்டும்.

தோட்டத்திலும் இப்பாடம் பயன்படும். லயத்துச் சாக்கடையைப் பழுதுபார்ப்பது நிர்வாகத்தின் கடமைதான். எனினும் எந்தச் சாக்கடை முதலில் செப்பனிடப்பட வேண்டும், எந்தக் குழாயில் நீர் கலங்கி வருகிறது என்பதை அங்கே வாழும் குடும்பங்களே நன்கு அறியும். அவை கூடிப் பேசி, ஒருமனதாக ஒரு பட்டியலை எழுதிக் கொடுத்தால், அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பொதுப்பணம் மக்களுடைய பணம். அது எங்கே செல்லவேண்டும் என்று சொல்லவும், சென்றதா என்று பார்க்கவும், செய்த வேலையைப் பேணவும் மக்கள் முன்வரும் இடங்களில் அது நலமாக விளையும். பத்து வெள்ளியும் ஒரு மாலைப்பொழுதும் பெரிய செலவல்ல. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டில் விழித்திருந்த தாய் தந்தையருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.